ரத்த ஏரியைத் தேடிப் போனவள்

யின்ஹுவா அக்காவைப் பற்றி எங்கள் ஹௌலின் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். சிப்பி உடைக்கிற கத்திகூடத் தேயும், அவள் வாய் தேயாது என்பார்கள். "இத்தனை வருஷமா மலைக்கோயிலுக்குப் போய் அமைதி கத்துக்கிட்டாளாம், நேத்துகூட ஐஸ் வண்டிக்காரனை ஓட ஓட விரட்டினா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அமைதி என்றால் ஊமையாகிப் போவது என்று நினைக்கிற சனம் இது.

நான் அவளுடைய ஓரகத்தி. அண்ணனுக்கு அவள், தம்பிக்கு நான். ஒரே வாசல், ஒரே அடுப்படி, தண்ணீர் வற்றினால் ஒரே சேற்றில் இறங்கிச் சிப்பிக் கூடை சுமக்கிறவர்கள். அவளைப் பற்றிப் பேச என்னைவிட உரிமையுள்ளவர்கள் இந்தக் கரையில் கிடையாது. சண்டை போட்டும் அவளை அதிகம் தெரிந்துகொண்டவள் நான்தான்.

மகள் சூமின் தவழ்கிற வயதில் அக்காவின் புருஷன் கடலுக்குப் போனார், படகு மட்டும் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. நாலு பேர் வந்து, வயசு இருக்கிறது, வேறு ஒருத்தனைக் கட்டிக்கொள் என்றார்கள். "ஒருத்தன் சட்டையைத் துவைச்சதே இந்த ஜென்மத்துக்குப் போதும்" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு சேற்றுக்குப் போய்விட்டாள். அவளுக்கு எல்லாமே அந்தப் பெண்தான். சூமினும் அம்மாவைப் போல் இல்லை, சிரித்த முகம், யாரையும் எதிர்த்துப் பேசமாட்டாள். பக்கத்து ஊர் லியூ குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெற்றவர்களுக்கு முன்னால் செத்துப்போகிற பிள்ளை நன்றி கெட்ட பிள்ளை. சவப்பெட்டி வாசலைத் தாண்டுமுன் தாயோ தகப்பனோ ஒரு கம்பால் அதன்மேல் அடிக்க வேண்டும். அடித்தால்தான் அந்தப் பாவம் தீரும். லியூ வீட்டில் அக்காவின் கையில் கம்பைக் கொடுத்தார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வலியிலயே செத்தவளை நான் வேற அடிக்கணுமா?" என்றாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்கே சம்பந்தி," என்றாள் சூமினின் மாமியார். "மெதுவா ஒரு தட்டுத் தட்டுங்க, போதும்."

அக்கா கம்பை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்தாள். பெட்டியின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்துதான் அவளைப் பிரித்தெடுத்தோம். என் தோளில் அவள் கடித்த தடம் ரொம்ப நாள் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். ஆனால் ஏரி என்று ஒன்று இருக்கிறதே. பிள்ளை பெறும்போது சிந்துகிற ரத்தம் தீட்டு. அது கீழுலகத்தில் ஏரியாகத் தேங்கி நிற்கிறது, பெற்றவள் செத்தால் அதில்தான் போய் நிற்க வேண்டும் என்பார்கள். அவளுடைய மகன், பூசாரிக்கு முன்னால் மண்டியிட்டு ஒரு கிண்ணம் சிவப்பு மதுவைக் குடிக்க வேண்டும். தாயின் ரத்தத்தை அவனே குடித்துத் தீர்த்ததாக அர்த்தம். ஏரி உடையும், தாய் கரையேறுவாள். எனக்கு இரண்டு பையன்கள். எனக்குக் குடிக்க ஆள் இருக்கிறது என்று நானே எத்தனையோ தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். பிரசவத்திலேயே செத்தவளுக்கோ ஏரியின் நடு ஆழம்தான் இடம்.

சூமினுக்கு மகன் ஏது? ரத்தம் கழுவாதவளை, செத்த மூத்தவர்களின் பெயர்ப்பலகைகள் இருக்கிற சாமிமாடத்தில் ஏற்ற முடியாது என்று லியூ வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவள் பெயர் எழுதிய மரப்பலகையை வலைக் கொட்டகையில், கிழிந்த மிதவைகளுக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். அக்கா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

சடங்கு செய்கிற குவோ பூசாரியிடம் நானும் அவளும் போனோம். அவர் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிற ஆள், பரம்பரைப் பூசாரி, கெட்டவர் இல்லை. ஆனாலும் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

"மகன் இல்லையேம்மா," என்றார்.

"என் பையன் குடிப்பான்," என்றேன் நான்.

"பொறந்த வீட்டுப் பையன் குடிச்சா செல்லாது. கட்டிக்கொடுத்தப்புறம் அவ லியூ வீட்டு ஆளு. அந்த வீட்டுல ஒரு பையனைத் தரச் சொல்லுங்க."

"அங்க எவன் தருவான்? மருமகன் புதுசாக் கட்டிக்கிட்டான். வந்தவ, செத்தவ பேரையே எடுக்கக் கூடாதுங்கறா."

"அப்ப நான் குடிக்கிறேன்," என்றாள் அக்கா.

பூசாரி பதறிப்போனார். "பெத்தவ பிள்ளைக்கு மண்டி போடறதா? அதைவிடப் பாவம் உண்டாம்மா? அந்தப் பொண்ணுக்குத்தான் இன்னும் ஆழமாப் போயிடும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கொன்றது. அதற்குப் பிறகு சேற்றில் நிற்கும்போதெல்லாம் முழங்காலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "இவ்வளவு ஆழம் இருக்குமா, சாயுன்? இல்ல, கழுத்து வரைக்குமா?" என்று என்னைக் கேட்பாள். வாயில் கத்தி வைத்திருந்தவள் வாயடைத்துப் போனது எனக்குப் பயமாக இருந்தது.

சந்தையில் ஒருத்திதான் சொன்னாள், பச்சைப்பாறை மலையில் பெண் துறவிகள் கோயில் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார்கள், போனால் மனசு அமைதியாகும் என்று. "அமைதியா? அதைக் கொண்டுபோய் உப்புல ஊறப்போடு. எம்பொண்ணு எங்க நிக்கிறாங்கறது தெரியணும் எனக்கு" என்றாள் அக்கா. ஆனாலும் மறுநாளே கிளம்பிவிட்டாள். அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் ஒரு கட்டு முள்ளங்கி வற்றலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஜிங்யுவான் துறவியைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நரைத்த தலையும் குகையுமாக எதிர்பார்த்துப் போனால், எங்களைவிடச் சின்னவளாக ஒருத்தி நீல அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உச்சிக் கொண்டையில் ஒரு மரக்குச்சி. "சாமிக்கு என்ன வயசு?" என்று கேட்டுவிட்டேன். அடுப்படியில் இருந்த மற்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இந்த வழியில் வந்தவர்களிடம் வயது கேட்கக் கூடாதாம், எனக்கு யார் சொன்னார்கள்? அவள் முள்ளங்கியை வாங்கி முகர்ந்து பார்த்து, "இதைவிட நான் கொஞ்சம் புதுசு" என்றாள்.

அக்காவுக்குச் சிரிக்க நேரமில்லை. "சாமி, ரத்த ஏரி எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? பின்ன எதுக்கு இந்தக் கொண்டையும் குச்சியும்?"

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். துறவி கோபப்படவில்லை. "முடி வெட்டறதில்லைன்னு ஒரு விதி. கட்டாம விட்டா கோஸ்ல விழும்," என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "நான் அந்த ஏரியைப் பார்த்ததில்லை. பார்த்தேன்னு சொல்றவங்களையும் பார்த்ததில்லை. நீங்க உட்கார்ந்து தேடிப் பாருங்க. இருந்தா வந்து சொல்லுங்க, நானும் கூட வர்றேன். ரெண்டு பேருமா இறங்கித் தூக்கிடலாம்."

அவள் கேலி செய்யவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள் போல இருந்தது. சூமின் போனபிறகு முதல் தடவையாக அக்கா உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அப்படித்தான் அவள் படிக்க ஆரம்பித்தாள். ஊரில் எல்லாரும் மனநிம்மதிக்குப் போகிறாள் என்றார்கள். அவள் போனது தேடுவதற்கு. விடியும்முன் மலை ஏறுவாள், கோயில் முற்றத்தைக் கூட்டுவாள், தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவாள், தண்ணீர் வற்றுகிற நேரத்துக்குச் சேற்றுக்கு வந்துவிடுவாள். எழுத்து அவ்வளவாகத் தெரியாது, அதனால் மற்றவர்கள் ஓதுவதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தாள். உட்காருகிறது மட்டும் லேசில் வரவில்லை. கண்ணை மூடினால் சூமினின் மாமியார் முகம் வருகிறது, மருமகன் வருகிறான், பூசாரி வருகிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான துறவி ஒருத்தி முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு மண்டபத்துக்கே போய்விட்டாளாம்.

ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். அக்கா எழுந்துவிட்டாள். "இங்க வந்தா கோபம் போயிடும்னாங்க. எனக்குக் கூடித்தான் இருக்கு. எனக்கு இது ஆகாது சாமி."

"கோபத்தைப் போகச் சொல்லி நானா சொன்னேன்?" என்றாள் ஜிங்யுவான். "நீங்க மட்டி வாங்கினா என்ன செய்வீங்க?"

"தண்ணியில போட்டு வைப்பேன். மணலைத் துப்பணுமே."

"பக்கத்துலயே நின்னுக்கிட்டு, துப்பு துப்புன்னு அதட்டுவீங்களா?"

"அதட்டினா மூடிக்கும்."

"அப்ப எதுக்கு உங்களையே அதட்டிக்கிறீங்க? திட்டணும்னா திட்டுங்க. திட்டி முடிச்சதும் உட்காருங்க. முக்காலி எங்கயும் போகாது."

அக்கா முறைத்தாள். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அன்றைக்கு இறங்கி வரும்போது, "பொடிசா இருந்தாலும் கெட்டிக்காரிதான்" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

குளிர் வந்தது, போனது. ஒரு வசந்தகால மத்தியானம் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கத்தியை நிறுத்தினாள்.

"சாயுன், பொம்பளைங்க உட்காருற முறையே வேறயாம். நேத்துதான் ஜிங்யுவான் எனக்குச் சொல்லிக் கொடுத்தா. கையை மாருக்கு நடுவுல வெச்சுக்கணும். நம்ம ரத்தத்தைத்தான் முதல்ல கவனிக்கணும். பொம்பளைக்கு இந்த வழி ரத்தத்துலதான் தொடங்குதாம்."

"தீட்டுன்னுல்ல சொல்லுவாங்க?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அது தீட்டுன்னா எங்களுக்கு வழியே கிடையாது, எங்க முதலே அதுதான்னுட்டா." அவள் என்னையே பார்த்தாள். "மலைமேல அதே சாமி, கீழயும் அதே சாமி. மேல அது முதல், கீழ அது சாக்கடையா? நடுவுல எங்க மாறுது? அந்தப் பாதையில எனக்குத் தெரியாத வளைவு எது?"

பயமாகவும் இருந்தது, கேட்கச் சுகமாகவும் இருந்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். இத்தனை வருஷம் என் உடம்பையே நான் ஒரு குற்றவாளிபோல நடத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு அவள் தேடுகிற கதையை அவ்வப்போது சொல்வாள். உட்கார்ந்தால் ஏரி தெரிகிறது, சிவப்பாக, கரை தெரியாமல். சூமின் இடுப்புவரை நிற்கிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை. "இறங்கிப் போயேன்" என்பேன். "இறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பாள். நம்பினேனா என்று கேட்டால், தெரியாது. வேறு எதைப் பற்றியும் அவள் அப்படி நிதானமாகப் பேசியதில்லை என்பது மட்டும் தெரியும்.

ஒரு நாள் மலையிலிருந்து நேராகச் சேற்றுக்கு வந்தாள். கூடையை வைத்தாள். "இல்ல, சாயுன்," என்றாள்.

"எது இல்ல?"

"ஏரி இல்ல. தண்ணி வத்தின சேறுதான் இருந்துச்சு, இதே மாதிரி. எல்லா இடமும் நடந்து பார்த்துட்டேன். காலடிகூட இல்ல. அவ அங்க இல்லவே இல்ல." அவள் முகம் பளிச்சென்று இருந்தது. "அவ எப்பவுமே அங்க இல்ல. அவங்கதான் அவளை அங்க நிக்க வெச்சாங்க. நானும் கூடச் சேர்ந்து நிக்க வெச்சிருந்தேன்."

சரி, மனசு ஆறிவிட்டது, இனி வீட்டில் கிடப்பாள் என்று நினைத்தேன். அவளைத் தெரிந்த நானே அப்படி நினைத்தேன் பாருங்கள். "என் மனசு ஆறிடுச்சு. ஆனா எம்பொண்ணு பேரு இன்னும் வலைக் கொட்டகையில கிடக்குது," என்றாள்.

ஏழாம் மாதம் வந்தது. செத்தவர்களுக்காகக் குலமண்டபத்தில் பெரிய சடங்கு. எங்கள் ஊரும் லியூ ஊரும் சேர்ந்து நடத்துவது. காகிதத்தில் செய்த ஏரியைக் குவோ பூசாரி நடுவில் வைத்து, அந்த வருஷம் தாயை இழந்த பையன்களை வரிசையாக மண்டியிட வைத்திருந்தார். எதிரில் மேசைமேல் தாய்மார்களின் பலகைகள். அக்கா துவைத்த நீலச்சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக லியூ வீட்டுக் கொட்டகையில் இருந்து வருகிறாள் என்பது கையில் இருந்ததைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்தது. சூமினின் பலகையைச் சட்டை நுனியால் துடைத்து மற்றப் பலகைகளுக்கு நடுவில் வைத்தாள்.

சம்பந்தியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "யாரைக் கேட்டு எங்க வீட்டுப் பொருளை எடுத்தே?"

"உங்க வீட்டுப் பொருளா? மிதவையோட மிதவையா இல்ல கிடந்துச்சு? எடுக்கறப்ப எலிகூட ஏன்னு கேட்கல என்னை."

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். பூசாரி கையைக் கூப்பினார். "யின்ஹுவா, பிரச்சனை வேணாம்மா. அந்தப் பொண்ணுக்குக் குடிக்க யார் இருக்கா?"

"நான் இருக்கேன்."

"அன்னைக்கே சொன்னேனே, பெத்தவ பிள்ளைக்கு மண்டி போடக் கூடாது..."

"மண்டி யார் போட்டா?"

நின்றபடியே மேசையில் இருந்த மதுக் கிண்ணம் ஒன்றை எடுத்தாள். மலையில் கற்றுக்கொண்டதுபோல ஒரு கையை மார்புக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை. என் வாழ்நாளில் அவள் கத்தாமல் சண்டை போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏரி இல்ல. எனக்குத் தெரியும், நான் போய்ப் பார்த்துட்டேன். ஆனா அவளுக்கு யாரும் குடிக்கலைன்னு நீங்க சொல்லிக்கிட்டே இருக்கீங்க, அதுக்காகத்தான் இது. அவ ரத்தம் என் ரத்தத்துல இருந்து போனது. அது அழுக்குன்னா, நான் அழுக்கு, உங்களைப் பெத்தவங்க எல்லாரும் அழுக்கு, இங்க நிக்கிற ஒருத்தருக்கும் சுத்தம் கிடையாது. இதை நான் கழுவறதுக்காகக் குடிக்கல. என்னோடது, திரும்ப வாங்கிக்கிறேன்."

ஒரே மூச்சில் குடித்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். மண்டியிட்டிருந்த பையன்களில் ஒருத்தன் தாயின் பலகையைப் பார்த்துத் தேம்ப ஆரம்பித்தான்.

பூசாரி கோலை ஓங்கியபடி நின்றார். குடித்ததும் அவர் மந்திரம் சொல்லி அந்தக் கோலால் காகித ஏரியை உடைக்க வேண்டும். "எனக்கு இதுக்கு மந்திரம் இல்லையேம்மா," என்றார், பாவமாக.

"அப்ப சும்மா இருங்க. அதுவே பெரிய மந்திரம்."

"செல்லாது! செல்லவே செல்லாது!" என்று சம்பந்தியம்மா கத்தினாள். "எங்க மாடத்துல அந்தப் பலகை ஏறாது!"

"உங்க மாடத்தை யார் கேட்டா? கொட்டகையில வெச்சவங்க பக்கத்துல எம்பொண்ணு இனிமே எதுக்கு உட்காரணும்? நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"எங்க கொண்டுபோய் வைப்பே? கட்டிக்கொடுத்த பொண்ணு பலகையைப் பொறந்த வீட்டுல வெச்சா உன் வீட்டு மூத்தவங்க முதுகைத் திருப்பிக்குவாங்க. தெரியுமில்ல?"

அக்கா பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. நான் பின்னால் ஓடினேன்.

வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு முன்னால் சேதி வந்து சேர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் சாமிமாடத்துக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன், அண்ணிமேல் மரியாதை உள்ளவர், ஆனால் அப்பா பெயரைச் சொன்னால் நடுங்குவார்.

"அண்ணி, வேற எங்க வேணா வையுங்க. இங்க வேணாம். இடமே இல்ல பாருங்க. அப்பா கோபப்படுவார்."

மாடத்தில் உண்மையிலேயே இடம் இல்லை. நடுவில் மாமனாரின் பலகை அகலமாக உட்கார்ந்திருந்தது, மற்றவர்கள் ஓரத்தில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசற்படிக்கு உள்ளே நின்றாள். மண்டபத்தில் அத்தனை பேரை எதிர்த்தவள், மைத்துனனைத் தள்ளிக்கொண்டு போக மனசில்லாமல் நின்றாள். அவள் விரல் மகளின் பெயரைத் தடவிக்கொண்டிருந்தது. சாகிறவரை அப்படியே நின்றுகொண்டிருப்பாள் போல இருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. புருஷனின் கையைத் தட்டிவிட்டு மாடத்துக்கு முன்னால் போனேன். மாமனாரின் பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஓரமாக நகர்த்தினேன்.

"மாமா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றேன். "பேத்தி வந்திருக்கா."